கொட்டுச் சத்தத்தில் இரண்டாயிரம் மீட்டர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. நீச்சலும் தெரியாது. பிள்ளைக்குத் தண்ணியில் கண்டம் என்று ஜோசியர் சொல்லிவிட்டதால் எங்கள் அம்மா என்னைக் கிணற்றடிக்குக்கூட விட்டதில்லை. எஸ்டேட்டே ஜீப்புப் பிடித்துச் சுருளி அருவிக்குப் போன நாளில் நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து கோழிக்குக் காவல் இருந்தவள். அப்படிப்பட்ட என்னைத்தான் போடி பஸ் ஸ்டாண்டு முழுக்க ‘படகு ராணி’ என்று ஃபிளெக்ஸ் அடித்துத் தொங்கவிட்டார்கள். கழுத்துக்கு மேலே நான். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்கார ஆம்பளை படகில் உட்கார்ந்திருக்கிறான். பார்க்க ஒரு மாதிரி இருக்கக் கூடாதென்று அவன் நெஞ்சின் மேல் மட்டும் ஒரு பொன்னாடையை ஒட்டியிருந்தார்கள். அந்த மட்டுக்கும் நாகரிகம் தெரிந்த ஊர்.

நான் ஓட்டுவது மிஷின். நீளமாக ஒரு இரும்புக் கம்பி, அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஒரு சீட்டு. கால்களைக் கட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் கைப்பிடியை வயிறுவரை இழுத்து இழுத்து விட வேண்டும். முன்னால் ஒரு காற்றாடி சுற்றும். எத்தனை மீட்டர் போனோம் என்று சின்ன ஸ்கிரீனில் நம்பர் ஓடும். இரண்டாயிரம் மீட்டரை யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்தான் சாம்பியன். வீட்டுக்குள்ளேயே நடக்கிற துடுப்புப் போட்டி என்று இதற்கு உலகம் முழுக்கப் பேர் இருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் இல்லை. பக்கத்துப் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப்போகிறோம் என்று சொன்னபோது, "அதப் புடிச்சு என்ன கொழம்பா வைப்பீக?" என்று கேட்ட ஜனம் இது. தண்ணியில்லாத படகை மட்டும் நம்பிவிடுமா?

என் பெயர் சுகன்யா. பிறந்தது மலைமேல், இடுக்கிப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில். வாக்கப்பட்டது கீழே, சிலமலையைத் தாண்டி இருக்கிற ஊரில். மாமனார் மொக்கச்சாமி அந்த ஊருக்குப் பெரியதனம். கோயிலில் காப்பு முதலில் அவர் கைக்குத்தான் கட்டுவார்கள். பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் விழும். என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரன் ஜீப்பு ஓட்டுகிறார். விடிந்ததும் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விடுவார், பொழுது சாய அழைத்துக்கொண்டு வருவார்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார். நடப்பது லேசான காரியம் என்று அந்தம்மா நினைத்துவிட்டது, பாவம். எங்கள் ஊர் ரோட்டில் ஒரு மருமகள் சோலியில்லாமல் நடக்கவே முடியாது. பத்தடி வைத்தால் ஒருத்தர், "எங்க தாயி போற?" என்பார். சும்மா என்றால், "சும்மான்னா? வீட்டுல எதுவும் சண்டையா?" என்பார். அடுத்தவர் பைக்கை நிறுத்தி ஏறச் சொல்வார். நான் வீடு திரும்புவதற்குள் நான் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய செய்தி மாமியார் அன்னக்கொடியின் காதுக்கு வந்துவிடும். மூன்று நாள் நடந்தேன். நாலாம் நாள் எங்கள் அம்மாவே மலையிலிருந்து அழுதுகொண்டு இறங்கி வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் மூணாறு ரோட்டில் ஒரு ரிசார்ட்டை மூடினார்கள். சாமான்களை லோடு அடிக்கப் போன என் வீட்டுக்காரர், அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எக்சசைசு மிஷினாம் புள்ள. வீட்டுக்குள்ளயே செய்யி. எவனும் எங்க போறன்னு கேக்க மாட்டான்" என்றார். என் வாழ்க்கையில் எனக்கென்று ஒருவர் யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

ஏலக்காய் எடுக்கிற வேலை எப்படியென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காய் செடியின் உச்சியில் தொங்காது, தூரில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். காலையில் குந்தினால் சாயங்காலம்வரை குந்தியபடியே தவளை மாதிரி நகர வேண்டும். பதினெட்டு வயசுவரை அப்படி நகர்ந்த தொடை இது. மிஷினில் உட்கார்ந்து காலை உதைத்த முதல் நாளே காற்றாடி கத்திய கத்தலில் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "மோட்டாரு வெடிக்கப்போகுது!" என்று மெயினை அணைத்துவிட்டார். மிஷினுக்குக் கரண்டே கிடையாது.

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருக்கிறான் ஜெகதீஷ், என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன் ஸ்கிரீனில் இருந்த நம்பரைப் பார்த்தான். பத்திரிகையைக் கீழே வைத்தான். "மதினி, இது ஆரு போட்டது? அண்ணனா?" என்றான். நான் என்றேன். நம்பவில்லை. மறுபடி போட்டுக் காட்டினேன். அன்றையிலிருந்து அவன் எனக்குக் கோச். என்ன சொல்லிக்கொடுத்தான் என்று கேட்காதீர்கள். "வெரசா மதினி, வெரசா!" என்பான். அதுதான் அவன் பயிற்சி.

மாவட்டப் போட்டியில் தங்கம் வாங்கினேன். போட்டியிட்டதே நான் ஒருத்திதான். என்னை நானே எப்படித் தோற்கடித்தேன் என்று பேட்டி எடுத்தார்கள். பிறகு மாநிலப் போட்டி, அதில் நிஜமாகவே ஆட்கள் இருந்தார்கள், நிஜமாகவே ஜெயித்தேன். தேசியப் போட்டியில் முதல் வருஷம் வெள்ளி, மறு வருஷம் தங்கம். "முன்னையும் பின்னையும் ஆடுறது குடும்பப் பொம்பளைக்கு அழகா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மாமனார் முதல் ஃபிளெக்ஸைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். ஏனென்றால் அதில், ‘பெரியதனம் மொக்கச்சாமி அவர்களின் மருமகள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். என் பெயரைத் தேடினேன். இல்லை. ‘படகு ராணி’ இருந்தது, மாமனார் பெயர் இருந்தது, ஃபிளெக்ஸ் அடித்தவன் செல் நம்பர் இருந்தது. கண்மாய் நிரம்பிய வருஷம் படகு விடுகிறோம் என்று திறப்புவிழாவுக்கு என்னையே அழைத்து ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்த நிமிஷம் ஜெகதீஷின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் அவன் பொத்தான் முழுதும் போயிற்று. ஊருக்கு என்மேல் ஒரு சந்தேகம் விழுந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆசியப் போட்டிக்குப் போகிற பெண்களுக்கு ஒரு பனியன் கொடுப்பார்கள். நெஞ்சில் இந்தியா என்று இருக்கும். முதுகில் அவரவர் பெயர். மொக்கச்சாமி மருமகள் என்று எழுத முதுகில் இடம் கிடையாது. சுகன்யா என்றுதான் எழுதியாக வேண்டும். அந்தப் பனியனை ஒரே ஒரு தடவை போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் எங்கள் மாமியார், "அதுக்கென்ன, போடி பஜார்ல அடிச்சுக் குடுப்பான்" என்றார்.

இந்த வருஷம் என் வயசுப் பிரிவுக்கு ஒரு இடம்தான். அதற்கான தேர்வுப் போட்டி சென்னையில், பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துத்தானா எங்கள் காளியம்மன் கோயிலுக்குப் பொங்கல் திருவிழா சாட்ட வேண்டும்? காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டிப்போய் ராத்தங்கக் கூடாது. போனாலும் பொழுதோடு திரும்பிவிட வேண்டும். இது ஊர்க் கட்டு. மாமனாரிடம் போய் நின்றேன்.

"மாமா, சனிக்கெழம பொறப்பட்டா திங்கக்கெழம காலையில வந்துருவேன்."

"ஏந் தாயி, காப்புக் கட்டுனவன் வீட்டு மருமகளே எல்லை தாண்டி ராத்தங்குனா மத்தவன் எப்படி நிப்பான்? நாளைக்கு ஊர்ல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டா ஒம் பேரத்தான் சொல்லுவாங்க."

ஊர் என் பெயரைச் சொல்வதற்கு அம்மை போட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஜெகதீஷ்தான் வழி கண்டுபிடித்தான். தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரிலிருந்தே போடலாம் என்று விதியில் இருந்ததாம். மிஷினை லேப்டாப்போடு இணைத்து, கேமராவை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டால், எல்லோருடைய ஓட்டமும் ஒரே ஸ்கிரீனில் தெரியும். மாமனார் இதைத் தீர விசாரித்தார்.

"ஒடம்பு இங்கனயே இருக்குமா?"

"இருக்கும் பெரியப்பா."

"ராத்திரிச் சாப்பாடு?"

"வீட்டுலதான்."

"அப்பறம் என்னப்பா, போடட்டும்" என்று சொல்லிவிட்டு, நேரே கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தன் மருமகள் சென்னைக்காரிகளை இங்கிருந்தபடியே தோற்கடிக்கப்போவதாகவும் பொதுமக்கள் திரளாக வந்து கண்டுகளிக்கும்படியும் அறிவித்துவிட்டார்.

திரளாகத்தான் வந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்று மிஷினைக் கோயில் பந்தலுக்கே தூக்கிவந்தாயிற்று. அம்மனுக்கு நேர் எதிரே மிஷின். காப்புக்காரர் வீட்டுப் பெண் சபையில் மஞ்சள் இல்லாமல் உட்காரக் கூடாதென்று மாமியார் அடம்பிடித்ததால் ஜெகதீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மஞ்சள் பனியன் கொண்டுவந்தான். திருஷ்டி படாமலிருக்க முகம் நிறைய மஞ்சள் பூசி, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலையையும் செருகினார் மாமியார். தீச்சட்டிக்கு வந்திருந்த கொட்டுக்காரர்கள் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். தினமும் விடிகாலையில் ஜீப்பை எடுப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பார், செல்லில் நேரம் பார்த்துச் சொல்வார்.

ஆரம்பித்தது. முதல் ஐந்நூறு மீட்டர் சுகமாகப் போயிற்று. ஸ்கிரீனில் நான் இரண்டாவது. அடுத்த ஐந்நூறில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்போதுதான் மாமனாருக்கு மருமகள்மேல் பாசம் பொங்கியது. "என்னப்பா வேடிக்க பாத்துக்கிட்டு? அடிங்கப்பா, புள்ளைக்கு ஒரு உற்சாகமா இருக்கட்டும்" என்றார். கொட்டு விழுந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. நான் இழுக்கிற இழுப்புக்கு அவர்கள் அடித்தார்கள். முதலாவது இடத்துக்கு வந்துவிட்டேன்.

இந்தப் போட்டியில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் மனுசி மனுசியாக இருக்க மாட்டாள். தொடை எரியும். கண் செருகும். ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டையிலிருந்து நாமே கேட்டிராத ஒரு சத்தம் வரும். அந்த நேரம் பார்த்து என் கொண்டை அவிழ்ந்தது. முகமெல்லாம் மஞ்சள், தலைவிரி கோலம், முன்னும் பின்னும் ஆட்டம், அம்மனுக்கு நேர் எதிரே, கொட்டுச் சத்தத்தில். கூட்டத்தில் ஒரு பொம்பளை அலறினாள்.

"அடி ஆத்தி! ஆத்தா எறங்கிட்டாடி!"

அவ்வளவுதான். குலவை எழுந்தது. ஒருத்தி ஒரு குடம் மஞ்சத்தண்ணியை என் தலையில் கவிழ்த்தாள். பூசாரி ஓடிவந்து கைநிறைய விபூதியை நெற்றியில் அடித்தார், பாதி வாய்க்குள் போயிற்று. நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சாமி உக்கிரமாக இருப்பதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ போய்விட்டார். மாமனார் முன்னால் வந்து என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, வந்திருக்கது ஆரு? இந்த வருசம் மழை உண்டா? தேவாரத்துப் பக்கம் யானை எறங்கி வெள்ளாமைய அழிக்குதே, அதுக்கு ஒரு வாக்குச் சொல்லு தாயி!" என்று அழுதார்.

ஜெகதீஷ் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினான். "மதினி, மூணாவதுக்குப் போயிட்டீங்க! இன்னும் நானூறுதான் மதினி!"

பனியன் போகிறது. என் பெயர் போட்ட பனியன் மழைக்கும் யானைக்கும் நடுவில் போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏலே மொக்கச்சாமி! கைய எடுறா!"

கொட்டு நின்றது. குலவை நின்றது. மாமனார் சூடு பட்ட மாதிரி கையை எடுத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அதுவும் ‘ஏலே’ போட்டு. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஊரே பத்தடி தள்ளிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்குக் கை காலை நீட்ட இடம் கிடைத்தது. மிச்சத்தை எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஸ்கிரீனில் என் பெயர் முதலில் வந்து நின்றது. மிஷினிலிருந்து மணலில் சரிந்து, "தண்ணி" என்றேன். "ஆத்தாவுக்குத் தாகமாம்!" என்று இன்னொரு குடம் மஞ்சத்தண்ணியை ஊற்றினார்கள்.

சென்னையிலிருந்து கேமராவில் பார்த்தவர்கள் அங்கே என்ன கலவரம் என்று கேட்டார்களாம். "ரசிகர்கள் சார்" என்றானாம் ஜெகதீஷ். கைப்பிடியை வேறு யாரும் தொடவில்லை என்பதால் நேரத்தை ஒத்துக்கொண்டார்கள். நான் தேர்வாகிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை கிளம்பிச் சென்னை, அங்கேயிருந்து விமானத்தில் தாய்லாந்து. செய்தி வந்த அன்று நான் அடுப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியாவது பரவாயில்லை. பொங்கல் முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் மாமனார் என் எதிரில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"ஆத்தா எறங்குன ஒடம்பு. கடல் தாண்டப்படாது தாயி."

"மாமா, ஆத்தாவெல்லாம் எறங்கல. நாந்தான் போட்டேன். மூணு வருசமாப் போடுறேன்ல?"

"ஆத்தா அப்படித்தான் சோதிப்பா. நீயாயிருந்தா ஒன் வாயால எம் பேரு வந்திருக்குமா, சொல்லு பாப்பம்."

வராதுதான்.

மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமையானால் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு கூட்டம். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, ஏலக்காய்க்கு விலை வரவில்லை, மகனுக்குப் பெண் வரவில்லை. பயிற்சிக்கு உட்கார்ந்தால் காற்றாடிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நாலு கிழவிகள் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், அந்தக் காற்று பட்டால் மூட்டுவலி போகுமாம். ஏழரை நிமிஷத்துக்குள் இரண்டாயிரம் மீட்டர் போட்டவள் நான். தொடையில் தசை கிழிந்து பிள்ளையைத் தூக்க முடியாமல் கிடந்தவள் நான். உள்ளங்கையைப் பாருங்கள், காய்த்துப்போய்க் கிடக்கிறது. ஆத்தாவுக்குக் கை காய்க்குமா? ஆனால் யார் வாயைத் திறந்தாலும், "நீயா போட்ட? ஆத்தால்ல போட்டா" என்றார்கள். எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒருவருக்குத் தெரியும், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. டிரிப்பு அதிகம், அலுப்பு என்று நினைத்தேன்.

சரி, நிரூபித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஊரைக் கூட்டச் சொன்னேன். நட்ட நடு மதியம். எண்ணெய் வைத்துப் படியச் சீவி இறுக்கிப் பின்னல் போட்டுக்கொண்டேன். மஞ்சள் இல்லை, வேப்பிலை இல்லை, நீலச் சுடிதார். கொட்டுக்காரர்களை ஊருக்குள்ளேயே விட வேண்டாம் என்றேன். "நல்லாப் பாத்துக்கங்க. இது நான். சுகன்யா. மொதலாளி தோட்டத்துல காயெடுத்த சுகன்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல்கூட வராமல் இரண்டாயிரத்தையும் போட்டு முடித்தேன். அன்றைக்குப் போட்டதைவிட இரண்டு விநாடி குறைவு. இறங்கி நின்று, "இப்ப என்ன சொல்றீக?" என்று கேட்டேன்.

மாமனார் கண்களில் கண்ணீர். கை குவிந்தது. "கொட்டே இல்லாம எறங்கிட்டாளே எந் தாயி!" என்றார். குலவை வானத்தைப் பிளந்தது.

போங்கடா நீங்களும் உங்கள் ஊரும் என்று ஆகிவிட்டது எனக்கு. என் தொடை, என் முதுகு, என் மூச்சு எல்லாவற்றையும் ஊர் கூடி எடுத்து ஆத்தா கணக்கில் எழுதிவிட்டது. சுகன்யா மூன்று வருஷமாக ஒவ்வொரு போட்டிக்கும் கெஞ்சி அனுமதி கேட்டிருக்கிறாள், ஒரு தடவைகூட முதல் கேள்வியிலேயே சரி என்று வந்ததில்லை. நின்று யோசித்தேன். பின்னலில் கையை வைத்தேன். அவிழ்த்தேன்.

"ஏலே மொக்கச்சாமி!"

விழுந்தார்.

"நான் கடல் தாண்டி என் கொடிய நாட்டணும்டா. இந்தப் புள்ளைய வழி மறிக்கிறியா நீ? வியாழக்கெழம விடிய வண்டி எடுக்கணும். ஒம் மகனே ஓட்டணும். கேக்குதா?"

"உத்தரவு ஆத்தா! உத்தரவு!"

கேட்டவுடன் கிடைத்தது. ஒரு கேள்வி இல்லை, ராத்தங்கலா என்று இல்லை, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இல்லை. மாமியார் அன்றைக்கே என் துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். வாயில் சிரிப்பு வந்தது. நான் போட்டது பொய்வேஷம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பனியன் வேண்டுமே.

வியாழக்கிழமை விடியலில் ஊரே எல்லைவரை வந்து ஜீப்புக்குச் சூடம் காட்டியது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லைக் கல் தாண்டி சிலமலையும் பின்னால் போனதும் நான் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்னங்க, எப்படி நடிச்சேன் பாத்தீகளா? உங்கப்பா மொகத்தப் பாத்தீகளா?"

அவர் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று கீழே பார்த்தேன். கிளட்சின் மேல் வெறுங்கால்.

"செருப்பு எங்கங்க?"

"வீட்டுல கெடக்கு."

"வெறுங்காலோடயா ஓட்டுவாக? வழுக்கப்போகுது."

"நீங்க ஒக்காந்திருக்கீக. எப்படிப் போட?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டேன். அவர் என்னை ஒருநாளும் ‘நீங்க’ என்றதில்லை.

"என்னங்க, நான்தாங்க. தெனமும் விடியக்காலம் பக்கத்துல நின்னு பாத்தது நீங்கதான? டயம் எடுத்தது நீங்கதான?"

"பாத்தேன்" என்றார். "கூடவே நின்னு பாத்ததுனாலதான் சொல்றேன். மனுசப் பொம்பளையால முடியிற காரியமா அது?"

தேனி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னேன். மதுரைவரை விடுகிறேன் என்று கெஞ்சினார். வேண்டாம் என்றேன், உத்தரவு மாதிரி உடனே நிறுத்தினார். பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடவே வந்தார். பிடுங்கிக்கொண்டு மதுரை பஸ்சில் ஏறினேன். அழுகையாக வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். வெளியே அவர் வெறுங்காலோடு, கும்பிட்ட கையோடு நின்றார். அவரைப் பார்க்கக்கூடாதென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்டக்டர் வந்தார். பையில் இடித்துக்கொண்டு, "ஏம்மா, அறிவிருக்கா? வழியில பைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க. மடியில தூக்கி வையி. எங்க போகணும், சட்டுனு சொல்லு" என்று எரிந்து விழுந்தார். எனக்கு அந்த மனுசனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.